அடம்பன் கொடி வந்த வழி

சோளகம் வீசும் மாதங்களில் புங்குடுதீவின் தெற்குக் கரை நெடுகச் சாதாளை ஒதுங்கிக் கிடக்கும். கடல் வேரோடு பிடுங்கி எறிந்த கடற்புல் அது. கறுத்துச் சுருண்டு, காலுக்கு மெத்தென்று, உப்பும் அழுகலும் கலந்த மணத்தோடு கிடக்கும். தீவுப்பகுதித் தோட்டக்காரருக்கு அது பசளை. உலாவ வருபவருக்கு அது கடலின் குப்பை. குனிந்து கையால் கிளறிப் பார்த்தால் அதற்குள் பல ஊர்ச் சாமான்கள் இருக்கும். கணவாய் ஓடு, அறுந்த வலைத் துண்டு, றெஜிபோம் கட்டி, எழுத்தழிந்த போத்தல் மூடி, பூவரசங்காய். இவற்றுக்கிடையே அரை அங்குலத்துக்கும் குறைந்த கபில நிற விதைகள் சில அகப்படும். ஒரு பக்கம் உருண்டிருக்கும், மறுபக்கம் இரண்டு சரிவாகச் சீவிவிட்டது மாதிரி இருக்கும். மேலெல்லாம் நெருக்கமான குறுமயிர். விரலால் தடவினால் வெல்வெட்டுத் துணியைத் தடவுவது போலிருக்கும். நகத்தால் அழுத்தினால் அசையாது.

அது அடம்பன் விதை. எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து நெடுந்தீவாக இருக்கலாம், மன்னாராக இருக்கலாம், பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டியாகவோ இராமேசுவரமாகவோ இருக்கலாம். இன்னும் தூரத்துக் கரையாகவும் இருக்கலாம். கடலில் ஆறு மாதம் கிடந்தாலும் அமிழாத, அமிழாமல் கிடந்தும் உயிர் போகாத விதை அது. ஆறு மாதத்தில் நீரோட்டம் ஒரு விதையை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

புங்குடுதீவாருக்கு அடம்பனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஊரைவிட்டுப் பல பத்தாண்டுகள் தள்ளி வாழ்பவர்களின் பிள்ளைகளுக்கு, பழமொழியில் வரும் ஒரு பெயர் என்ற அளவிலேயே அது தெரியும். அவர்களுக்காகவும் சேர்த்து இதன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதை எப்படி மிதக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அடம்பன் காய் பழுத்து உலர்ந்தால் சின்னக் கபில உருண்டையாகும். உள்ளே நான்கு விதைகள். ஒவ்வொரு விதைக்குள்ளும் பருப்பு மடிந்து கசங்கிக் கிடக்கிறது. மடிப்புகளுக்கிடையே காற்று நிற்க இடம் இருக்கிறது. மிதப்பு அங்கிருந்து வருகிறது. வெளித்தோல் தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் புகாவிட்டால் விதை ஊறாது, ஊறாவிட்டால் முளைக்காது. நடுக்கடலில் முளைத்துவிடுவது ஒரு விதைக்குச் சாவு. ஆகவே கரையேறும்வரை அந்தத் தோல் அதைத் தூங்க வைக்கிறது. கரைக்கு வந்தபின் அலையும் மணலும் சேர்ந்து தோலை உராய்ந்து தேய்க்க வேண்டும். ஒரு கீறல் விழுந்த பிறகுதான் மழைத் தண்ணீர் உள்ளே போகும். பள்ளிக்கூடத்தில் இந்த விதையை முளைக்க வைத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் அரத்தாலோ மண்கடதாசியாலோ ஓரிடத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் போதும்.

உப்புத் தண்ணீரில் விதை உயிரோடு இருக்குமா என்பது ஒரு காலத்தில் அறிவியலாளரிடையே பெரிய கேள்வியாக இருந்தது. ஒரே செடி சமுத்திரத்தின் இரு கரையிலும் எப்படி வந்தது? முன்னொரு காலத்தில் நிலப்பாலம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். 1850களில் சார்ல்ஸ் டார்வின் தன் வீட்டிலேயே விதைகளை உப்பு நீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். 87 வகை விதைகளை 28 நாள் ஊறவைத்ததில் 64 வகை முளைத்தன. சில 137 நாளும் தாங்கின. ஆனால் அவர் எடுத்தவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் அமிழ்ந்துபோகிற சாதாரண விதைகள். கடலோரத்திலேயே பிறந்து, கடலையே பாதையாகக் கொண்ட விதைகளைப் பிற்பாடு எச். பி. கப்பி என்ற கப்பல் வைத்தியர் பசிபிக் தீவுகளில் வருடக்கணக்காக ஆராய்ந்தார். 1906இல் வந்த அவருடைய பெரிய நூலில் அடம்பனுக்கும் இடம் உண்டு.

புங்குடுதீவில் ஒதுங்கிய நமது விதைக்குத் திரும்புவோம். சோளகத்தில் ஒதுங்கிய விதைக்கு உடனே முளைக்க வழியில்லை. வைகாசி முதல் புரட்டாதிவரை தீவில் மழை அருமை. மணல் காலைச் சுடும். சாதாளை காய்ந்து உடைந்து மணலோடு மணலாகும். விதையும் அதற்கடியில் மூடுண்டு கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பி முதல் பெருமழை விழும்போது உப்புக் கழுவுண்டு மணல் குளிரும். உக்கிய சாதாளை அப்போது பசளையாக நிற்கும். முதலில் வெளிவரும் இரண்டு விதையிலைகளும் ஆழமாகப் பிளந்து நான்கு விரல் போல விரியும். அதன் பின்னர் வருவதுதான் நாமறிந்த இலை: தடித்து, மினுங்கி, நடுவிலே மடிந்து, நுனி இரண்டாகப் பிளந்த இலை.

கொடியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தண்டு கணுக் கணுவாக மணலில் ஓடுகிறது. ஒவ்வொரு கணுவிலும் கீழே ஒரு வேர்க் கொத்து, மேலே ஓர் இலை. இலையைக் கிள்ளினால் பால் வரும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு பொட்டுகள் இருக்கும். அவை தேன் சுரப்பவை. பூவிலே இருக்க வேண்டிய தேன் காம்பில் என்னத்துக்கு என்றால், எறும்புக்கு. வெயில் ஏறுமுன் போனால் எறும்புகள் அந்தப் பொட்டுகளைச் சுற்றி நிற்பதைக் காணலாம். தேனுக்கு வரும் எறும்பு இலையைக் கடிக்க வரும் பூச்சியைத் துரத்தும். காற்று மணலைக் கொண்டுவந்து கொடிமேல் கொட்டினால் அது சாவதில்லை. மணலுக்கு மேலே புதுக் குருத்து விட்டு மறுபடி ஓடத் தொடங்கும். மூடின மணல் அங்கேயே நின்றுவிடும். இப்படித்தான் கடற்கரையில் மேடு பிறக்கிறது. ஒரு கொடி முப்பது மீற்றர்வரை போகும். அதன் வேர்கள் இறங்கிய இடத்து மணலைக் காற்று எளிதில் எடுக்க முடியாது.

பூ விடியலில் விரியும். புனல் வடிவம், ஊதா கலந்த இளஞ்சிவப்பு, தொண்டைக்குள் இருட்டான சிவப்பு. ஐந்து மடிப்புக்கோடுகள் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும். மதியம் வந்தால் சோரும், பின்னேரம் சுருண்டு விழும். மறுநாள் வேறு பூ. இந்த அரைநாளுக்குள் வண்டு வந்தாக வேண்டும். இங்கே அடம்பனின் வாழ்க்கையில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. மெக்சிக்கோ வளைகுடாக் கரைகளில் செய்து 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தன் மகரந்தத்தாலேயே இந்தச் செடி காய்க்காது என்று காட்டியது. ஒரே விதையிலிருந்து வந்த கொடி கரை முழுதும் படர்ந்து ஆயிரம் பூப் பூத்தாலும், அந்த ஆயிரமும் ஒரே உடம்பின் பூக்கள். காய் பிடிக்க வேறொரு விதையிலிருந்து வந்த இன்னொரு கொடி பக்கத்தில் வேண்டும். அதாவது கடல் ஒரு விதையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. வேறு வேறு தாயின் விதைகள் வந்து சேர வேண்டும். அந்நியக் கொடி இல்லாத கரையில் அடம்பன் தலைமுறையில்லாமல் படர்ந்துகொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியைக் கேளாத பிள்ளை இல்லை. ஒற்றைக் கொடியை முறித்தால் முறியும், பல கொடியைச் சேர்த்து முறுக்கினால் முறியாது என்று வாத்தியார் விளக்கம் சொல்வார். அது சரிதான். ஆனால் செடியைப் பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். கொடி திரண்டு நிற்பது ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டல்ல, ஒவ்வொரு கணுவும் தன் இடத்தில் வேர்விட்டுத்தான். திரட்சிக்குப் பயன் வருவதும் வெளியிலிருந்து வந்த கொடியோடு கலந்தபோதுதான். பழமொழியை மேடையில் சொல்பவர்கள் இந்தப் பாதியையும் சொல்லலாம்.

இந்தக் கொடி தமிழ்க் கரைகளில் எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சாட்சி சங்கப் பாடல்கள். அங்கே இதன் பெயர் அடும்பு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லும் பூக்களில் அதுவும் ஒன்று. நெய்தல் பாடல்களில் பெண்கள் அடும்பின் பூவைப் பறித்து விளையாடுகிறார்கள், நெய்தற் பூவோடு சேர்த்துத் தொடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது அகநானூற்றின் 160ஆம் பாடல். சூல் முற்றிய ஆமை ஒன்று கரையேறுகிறது. அடும்பங்கொடி சிதையும்படி இழுத்து, வெண்மணல் மேட்டுப் பக்கத்தில் முட்டையிட்டு மறைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காத்திருக்கிறது என்று அந்தப் பாடல் சொல்கிறது. ஆண் ஆமை கரைக்கு வந்து காவல் நிற்பதில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். அது புலவரின் அன்பு. மற்றதெல்லாம் கண்ணால் கண்டவர் எழுதியது. ஆமை முட்டையிடத் தேடுவது அலை தொடாத உயரத்தை. அந்த உயரத்தில் முதலில் எதிர்ப்படும் செடி அடம்பன். கொடியை இழுத்து அறுத்துக்கொண்டுதான் அது குழி தோண்ட வேண்டும். ஒரு கடற்கரையின் உயிர்வாழ்வு முழுவதையும் சில அடிகளுக்குள் இவ்வளவு துல்லியமாக வேறு யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடம்பன் புத்தகத்துக்குள் ஏறி ஐரோப்பா போன கதை ஒல்லாந்தர் காலத்தது. யாழ்ப்பாணம் 1658இல் அவர்கள் கைக்கு வந்ததும் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அதே ஒல்லாந்தக் கம்பனியின் மலபார்த் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீட் கொச்சியில் இருந்துகொண்டு, உள்ளூர் வைத்தியர்களின் அறிவைக் கேட்டு எழுதி, ஓவியம் தீட்டி, பன்னிரண்டு பாகங்களில் ஒரு நூலைச் செய்வித்தார். 1678 முதல் 1693வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் அது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் அந்த அறிவுக்கு முக்கிய ஊற்று. 1692இல் வந்த 11ஆம் பாகத்தில் நமது கொடி இருக்கிறது, மலையாளத்தில் சுவன்ன அடம்பு என்று வழங்கும் பெயரை உரோம எழுத்தில் எழுதி. சேர நாட்டுக் கரையில் ஒரு வைத்தியர் வாயால் சொன்ன பெயர் ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தில் ஈய எழுத்தில் கோக்கப்பட்டது என்பது சின்ன விடயமல்ல.

லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது இதைக் கொன்வொல்வுலஸ் பேரினத்தில் சேர்த்தார். பிரேசில் கரையிலிருந்து வந்த அதே மாதிரிக் கொடிக்கு வேறொரு பெயர் கொடுத்தார். இரண்டும் தனித்தனிச் செடி என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. இரண்டு உலக மூலைகளிலிருந்து இரண்டு உலர்ந்த மாதிரிகள், நடுவிலே சமுத்திரம். 1816இல் டக்கி என்ற பிரித்தானியக் கப்பற் தளபதியின் பயணம் கொங்கோ ஆற்றுக்குப் போனது. காய்ச்சலில் டக்கியும் தாவரவியலாளர் கிறிஸ்டென் ஸ்மித்தும் இன்னும் பலரும் இறந்துபோக, ஸ்மித் சேகரித்த உலர்செடிகள் மட்டும் இலண்டனுக்குத் திரும்பின. அவற்றை ஆராய்ந்த இராபர்ட் பிரவுன் 1818இல் வெளிவந்த குறிப்பில் இந்தக் கொடியை இப்போமியா பேரினத்துக்கு மாற்றினார். இப்போமியா பெஸ் காப்ரே என்ற இன்றைய பெயர் அவர் கையால் நின்றது. ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஒரே செடிகள் சில எப்படி வளர்கின்றன என்ற கேள்வியை அந்தக் குறிப்பிலேயே அவர் எடுத்துப் பேசினார்.

பிற்பாடு செய்த ஆய்வுகள் இனம் ஒன்றே, உள்வகை வேறு என்று தெளிவாக்கின. இந்து சமுத்திரத்தின் வடகரைகளில், நம்முடைய கரை உட்பட, வளர்வது இலை ஆழமாகப் பிளந்த வகை. அத்திலாந்திக், பசிபிக் கரைகளில் இலை நுனி மெல்லக் குழிந்த வகை. அந்த இரண்டாவது வகையின் மரபணுவை உலகின் பல கரைகளிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டு ஜப்பானிய ஆய்வாளர் குழுவொன்று 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளிய கரைகளுக்கிடையே மரபணு இன்னும் போய்வந்தபடி இருக்கிறது, அதைக் கொண்டுபோவது கடலில் மிதக்கும் விதை என்பது அதன் முடிவு. சாதாளைக்குள் கிடக்கும் விதை பழங்காலத்துப் பயணத்தின் எச்சமல்ல. அந்தப் பயணம் இந்த வருடமும் நடக்கிறது.

கடல் இந்தக் கொடியை எப்படி விதைக்கிறது என்பதை உலகம் கண்ணெதிரே கண்ட இடம் கிரக்கத்தோவா. 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி அந்த எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. எஞ்சிய நிலத்தைச் சாம்பல் பல மீற்றர் உயரத்துக்கு மூடியது. எதுவும் தப்பவில்லை. மூன்று வருடம் கழித்து, 1886இல், ஜாவாவின் போகோர்த் தோட்டத்து இயக்குநர் மெல்க்கியோர் ட்ரொய்ப் போனபோது உள்நிலத்தில் பெரும்பாலும் பன்னங்கள், கரையில் கடல் கொண்டுவந்த சில செடிகள். 1897இல் மறுபடி போனவர்கள் கண்டது கரை மணலில் கம்பளமாக விரிந்த அடம்பன். அதற்கு முன்பே, 1891இல், ஜெர்மன் தாவரவியலாளர் ஷிம்பர் இந்திய, மலாயக் கரைகளின் செடிகளைப் பற்றி எழுதியபோது, அலைக்கு அடுத்தபடியாக முதலில் நிற்கும் செடிக்கூட்டம் முழுவதற்குமே அடம்பனின் இலத்தீன் பெயரைச் சூட்டியிருந்தார். மரங்கள் பின்னால் வருவதற்கு இடம்பிடித்துக் கொடுக்கும் முதற் குடி என்று அவர் கண்டது சரியே. அடம்பன் மணலைக் கட்டுகிறது, இலை உதிர்த்து உக்க வைக்கிறது, நிழல் கொடுக்கிறது. அதன் பின்னால் இராவணன் மீசை, தாழை, பூவரசு, பனை.

போன இடங்களிலெல்லாம் மனிதர் இதைக் கைக்கொண்டார்கள். சிங்களத்தில் இது முது பிம் தம்புரு. ஹவாய்த் தீவினர் கொடியை அறுத்துக் கடல் நீரில் அடித்தால் பெரிய அலை எழும் என்று நம்பினார்கள். அலைமேல் பலகையில் சறுக்குபவர்களின் வழக்கம் அது. நமது சித்த வைத்தியத்தில் வாதவீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவதுண்டு. தாய்லாந்து மீனவர் சொறிமுட்டை பட்ட எரிவுக்கு இலையை அரைத்துப் பூசிவந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட தாய்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் இலைச்சாற்றைப் பரிசோதித்து, சொறிமுட்டை நஞ்சின் தாக்கத்தை அது குறைக்கிறது என்று 1991இல் எழுதினார்கள். வைத்தியரிடம் போகாமல் இலையை மட்டும் நம்பியிருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எரிவு பட்ட இடத்துக்குப் பத்தடி தள்ளியே மருந்து வளர்கிறது என்று அறிந்தவர்களை மதிக்கத்தான் வேண்டும்.

இனிப் புங்குடுதீவின் மண்ணைப் பார்ப்போம். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் வருகிறவர்களுக்கு இருபுறமும் முழங்காலளவு கடல். குறிகட்டுவானில் போய் வீதி முடியும். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. தீவு முழுவதும் சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது. மாரியில் விழும் மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே நிற்கும் உப்பு நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கும். நன்னீருக்குக் கனம் குறைவு என்பதால்தான் அது மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போகும் என்பதும் அதே கணக்கு. குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் தீவில் இந்தக் கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டும். கரையோர மணல்மேடு மழையைப் பிடித்து வைக்கும் இடங்களில் ஒன்று. கடலேற்றத்துக்குத் தடையாக நிற்பதும் அதுதான். அந்த மேட்டைக் கட்டிவைத்திருப்பது அடம்பன்.

கட்டாத மணல் என்ன செய்யும் என்பதற்கு வடமராட்சி கிழக்கு மணற்காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே பழைய அந்தோனியார் தேவாலயம் மணலுக்குள் புதைந்து சுவர்கள் மட்டும் தெரிகின்றன. மணலை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யால. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையை ஆராய்ந்த சர்வதேசக் குழு 2005இல் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதியது: யாலக் கரையில் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று விடுதிக்கு முன்னிருந்த மணல்மேட்டில் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது, அங்கே பலர் இறந்தார்கள். அடம்பன் கொடி ஆழிப்பேரலையைத் தடுக்காது. மேடு ஓரளவு தடுக்கும், மேடு கொடியில்லாமல் நிற்காது.

1991இல் தீவகத்தை இராணுவம் பிடித்தபோது புங்குடுதீவுச் சனத்தில் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். வீடுகளுக்குள் ஆலும் அரசும் முளைத்தன, கிணறுகள் தூர்ந்தன. அந்த வருடங்களில் கரையில் அடம்பனுக்கு ஒரு குறையும் வந்திராது; மிதிக்க ஆளில்லை, அள்ள ஆளில்லை. இன்று ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருப்பவர்கள் கோயில் கட்டுகிறார்கள், மண்டபம் கட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறார்கள், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறார்கள். இதில் எதையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊர் எழும்ப வேண்டும். ஆனால் கரையைச் சுத்தப்படுத்துவது என்றால் முதலில் கொடியை அரிவாளால் அரிந்து, பிறகு இயந்திரத்தால் மணலை வழித்து வெறுந்தரையாக்குவது என்று ஒரு பழக்கம் இலங்கைக் கரைகளில் பரவியிருக்கிறது. படம் எடுக்க வெள்ளை மணல் நன்றாக இருக்கும். அடுத்த சோளகத்தில் அந்த மணல் வீதியில் கிடக்கும், அதற்கடுத்ததில் கடல் இன்னும் கிட்ட வந்திருக்கும்.

மரம் நடுகையிலும் ஒரு பிழை நடக்கிறது. கடலோரம் என்றால் சவுக்கு என்று எண்ணி, அடம்பன் படர்ந்த இடத்தையே வெட்டிச் சுத்தப்படுத்திக் கன்று வைக்கிறார்கள். சவுக்கு நெருங்கி வளர்ந்தால் அதன் சருகு தடித்து மூடிய நிலத்தில் கொடி படராது. ஆமைக்கும் அந்த நிழலும் வேர்ப்பின்னலும் ஆகாது. மரத்துக்கு இடம் மேட்டின் பின்புறம். மேட்டின் முகத்தில், அலை பார்த்த பக்கத்தில், நிற்கத் தெரிந்தது அடம்பனும் இராவணன் மீசையும்தான். கரையோரம் பேணும் சட்டம் இலங்கையில் 1981ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் ஒரு கொடி அறுபடுவதைச் சட்டம் வந்து நின்று தடுக்காது. பக்கத்து வளவுக்காரர்தான் தடுக்க முடியும்.

ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையில் எந்த வேலை தொடங்கினாலும், அலையின் உயர்ந்த வரம்பிலிருந்து மேட்டின் உச்சிவரை உள்ள பட்டையை விட்டுவிடுங்கள். பிளாஸ்ரிக்கைப் பொறுக்குங்கள், சாதாளையை முழுதாக வழிக்காதீர்கள். விதை அதற்குள்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெறுமையாகிப்போன இடத்தில் கொடியைத் திரும்பக் கொண்டுவருவது செலவில்லாத வேலை. ஐப்பசி மழை விழுந்தபின், நன்றாகப் படர்ந்த கொடியிலிருந்து நாலு ஐந்து கணு உள்ள துண்டுகளை வெட்டி, இரண்டு மூன்று கணு மணலுக்குள் போகும்படி சாய்த்துப் புதையுங்கள். எல்லாத் துண்டையும் ஒரே கொடியிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரு பகுதியை வேறு கரையிலிருந்து, இயன்றால் பக்கத்துத் தீவிலிருந்து எடுங்கள், அப்போதுதான் காய் பிடிக்கும். மாரி முடியும்வரை ஆடுமாடும் வாகனமும் ஏறாமல் நாலு பனைமட்டையை நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். மிச்சத்தை அது தானே பார்த்துக்கொள்ளும்.